முதலாளி இல்லாத சர்வர்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்கிற ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவன் நான். பெயர் எட்வின். பிரிவு என்றால் நானும் ஒரு பிரிண்டரும். ஆனால் அதெல்லாம் கம்பெனி காம்பவுண்டுக்குள்தான். வெளியே வந்தால் நான் அட்மின். உலகமே குடியிருக்கிற ஒரு பெரிய தளத்தில் ‘ராஜை இன்று’ என்று ஒரு பக்கம் நடத்திக்கொண்டிருந்தேன். கரண்ட் எப்போது போகும், குழாய்த் தண்ணீர் எந்தத் தெருவுக்கு வருகிறது, எந்த மில்லில் ஆள் எடுக்கிறார்கள், யார் வீட்டு ஆட்டைக் காணோம் என்றெல்லாம் போடுவேன். ஊரில் பாதிப் பேர் பார்த்தார்கள். டீக்கடையில் எனக்கு மட்டும் கண்ணாடி கிளாஸை இரண்டாவது தடவை கழுவிக் கொடுப்பார்கள். கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். எல்லாம் என் எழுத்துக்குக் கிடைத்த மரியாதை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்கம் பறிபோனதும் என் கையால்தான். கம்பெனியில் புது ரகத்தில் பேண்டேஜ் ஒன்று தறியில் ஓட்டியிருந்தோம். முதலாளி ஹரிகிருஷ்ணன், “எட்வின், உன் பேஜ்ல ஒரு போட்டோ போட்டு விடேன்” என்றார். வெறும் துணி உருளையைப் போட்டால் யார் பார்ப்பார்கள்? எனக்குள் இருந்த கலைஞன் எழுந்துகொண்டான். மணிக்கட்டில் பேண்டேஜைச் சுற்றி, ஸ்டாம்ப் பேடுக்கு விடுகிற சிவப்பு மையை அதன்மேல் கொஞ்சம் ஒற்றி, வலியைத் தாங்கிக்கொள்கிறவன் மாதிரி முகத்தை வைத்து ஒரு செல்ஃபி எடுத்துப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தளத்திலிருந்து தகவல் வந்தது. ‘நீங்கள் தனியாக இல்லை. பேசுவதற்கு யாராவது வேண்டுமா?’ என்று கேட்டு ஓர் ஆலோசனை எண்ணும் கொடுத்திருந்தது. என்மேல் இவ்வளவு அக்கறையா என்று உருகிப்போனேன். மறுநாள் காலையில் பக்கமும் இல்லை, என் கணக்கும் இல்லை. தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்ள மக்களைத் தூண்டினேனாம். முறையீடு செய்தேன். முகத்தை இடமும் வலமும் திருப்பி வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னது. அனுப்பினேன். வீடியோவில் இருப்பவர் எட்வின் போலத் தெரியவில்லை என்று பதில் வந்தது. என் மனைவி ஜெபாவிடம் காட்டினேன். அவள் நர்சரி பள்ளி ஆசிரியை. எதையும் பொறுமையாகப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, “ஷேவ் பண்ணிட்டு எடுத்திருக்கலாம்” என்றாள்.

ஒரே வாரத்தில் டீக்கடையில் எனக்கும் பேப்பர் கப் வந்தது.

கோபத்தில் படிக்க ஆரம்பித்தேன். என்னைப் போலத் துரத்தப்பட்டவர்களும், வெறுத்துப்போய்த் தாங்களாகவே கிளம்பியவர்களும் சேர்ந்து வேறொன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஒரு கம்பெனி, ஒரு முதலாளி என்று இல்லாமல் ஆளாளுக்குத் தனித்தனி சர்வர். ஏதாவது ஒன்றில் கணக்கு இருந்தால் போதும், மற்ற எல்லா சர்வர்களிலும் இருக்கிறவர்களோடு பேசலாம். மென்பொருள் இலவசம். விளம்பரம் கிடையாது. நீ எதைப் பார்க்கவேண்டும் என்று முடிவுசெய்கிற இயந்திரமும் கிடையாது. எழுதியது எழுதிய வரிசையில் வரும். இடம் பிடிக்காவிட்டால், உன்னைப் பின்தொடர்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு வேறு சர்வருக்குக் குடிபோய்விடலாம்.

அன்று சாயங்காலமே ஜெபாவை உட்காரவைத்து விளக்கினேன்.

“இதுல முதலாளின்னு ஒருத்தன் கிடையாது பாத்துக்கோ.”

“அப்ப ரிப்பேர் ஆச்சுன்னா யாரு பாக்கது?”

“நான்தான்.”

“கெட்ட வார்த்த எழுதினா?”

“அதையும் நான்தான் பாக்கணும்.”

“சம்பளம் உண்டுமா?”

“அதெல்லாம் கிடையாது.”

“பொறவு எந்த முதலாளி இதுக்கு வருவான்” என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போனாள்.

கம்பெனியில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்து, அடுப்படியில் கிரைண்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். நெட் வயர் அதுவரைக்கும்தான் எட்டியது. ஊரை ஒட்டி இருக்கிற மலையின் பெயரால் ‘சஞ்சீவி’ என்று பெயரிட்டேன். சர்வருக்கும் கிரைண்டருக்கும் ஒரே பிளக் பாயிண்ட். ஜெபா மாவாட்டும்போது ராஜபாளையத்தின் சுதந்திர ஊடகம் நின்றுபோகும். மாவை வழித்து முடித்ததும் மறுபடி உயிர்பெறும்.

சஞ்சீவி பிறந்த செய்தியை ஊருக்குச் சொல்ல வேண்டுமே. அதற்கு வாட்ஸப்பைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. பெரிய கம்பெனிகளின் பிடியிலிருந்து விடுபட வாருங்கள் என்று, பெரிய கம்பெனி ஒன்றின் வழியாகவே ஊர் முழுக்க அனுப்பினேன். பக்கத்தை அத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்களே, அதில் பாதி வந்தாலே என் கம்ப்யூட்டர் தாங்காதே என்று கவலைப்பட்டு, அது சூடாகாமல் இருக்க டேபிள் ஃபேன் ஒன்றைத் திருப்பி வைத்தேன்.

வந்தவர்களை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றியிருக்கலாம். ஹரிகிருஷ்ணன் வந்தார், நான் நச்சரித்ததால். ஜெபா வந்தாள், வேறு வழியில்லாமல். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவளுடைய அக்கா பரிபூரணம் வந்தார். முன்பு எங்கள் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீட்டிலிருந்தபடியே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வேலை செய்கிற பாண்டிசெல்வி வந்தாள். மகாராஜபுரத்தில் தென்னையும் நெல்லும் போட்டிருக்கிற மாரிசாமி அண்ணாச்சி வந்தார். அப்புறம் இன்னும் சில பேர். மற்றவர்கள் எல்லாரும் “ரீல்ஸ் உண்டுமா?” என்று கேட்டார்கள். இல்லை என்றதும், “பின்ன அங்க வந்து என்ன செய்ய?” என்றார்கள்.

நான் தளரவில்லை. தினமும் எழுதினேன். தரவு உரிமை, மனித விடுதலை, கண்காணிப்பு முதலாளித்துவம். காலையில் ஒரு கட்டுரை, சாப்பிட்டபின் அதற்கு விளக்கம். மாரிசாமி அண்ணாச்சி இரண்டே வரி போடுவார்: ‘பிளவக்கல் அணையில நேத்தைக்கு இன்னைக்கு ஒரு அடி கூட. பன்னி வந்து நாலு தென்னங்கன்னைத் தோண்டிட்டு.’ அதற்கு எல்லாரும் பதில் எழுதினார்கள். எந்தப் பக்கம் வந்தது, வேலி போட்டிருந்தீர்களா, பட்டாசு வெடித்தீர்களா என்று விசாரித்தார்கள். என் கட்டுரைக்கு ஜெபா மட்டும் ஒரு லைக் போடுவாள். அதுவும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் நான் ஞாபகப்படுத்தினால்தான். அதுவரை ஊர் என்னைத்தான் விரும்பியது என்று நம்பியிருந்தேன். என்னைத் தூக்கிப்போய் ஊருக்கு முன்னால் நிறுத்தியது அந்தப் பழைய இயந்திரம்தானோ என்ற சந்தேகம் முதல் தடவையாக வந்தது. அந்தச் சந்தேகத்தைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினேன்.

ஒருநாள் பாண்டிசெல்வி இப்படிப் போட்டாள்: ‘பெரிய தளத்துல நடுநடுவே விளம்பரம் வரும். சஞ்சீவியில எட்வின் அண்ணன் வாராரு. விளம்பரத்தையாவது தள்ளிவிட்டுட்டுப் போகலாம்.’

எல்லாரும் லைக் போட்டார்கள். சஞ்சீவியின் வரலாற்றில் அத்தனை லைக் எதற்கும் விழுந்ததில்லை. என் முதலாளி போட்டிருந்தார். மாரிசாமி அண்ணாச்சி போட்டிருந்தார். என் மனைவியும், யாரும் ஞாபகப்படுத்தாமலே, போட்டிருந்தாள்.

நான் அந்தப் பதிவை நீக்கினேன்.

‘என் பதிவு எங்கண்ணே?’ என்று பாண்டிசெல்வி கேட்டாள். விதிமீறல் என்று பதில் எழுதினேன். எந்த விதி என்று கேட்டாள். விதிகள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மனித விடுதலையைப் பற்றி நிறைய இருந்தது, இதற்குப் பொருத்தமாக ஒன்றுமில்லை. ‘நிர்வாகியைப் புண்படுத்தக் கூடாது’ என்று கடைசியில் ஒன்றைச் சேர்த்து, அதை எடுத்து அவளுக்கு அனுப்பினேன். என்னைத் துரத்திய இயந்திரம்கூட விதியை முன்னாலேயே எழுதி வைத்திருந்தது.

பாண்டிசெல்வி சண்டை போடவில்லை. அடுத்த வாரம் தன் வீட்டில் சொந்தமாக ஒரு சர்வர் வைத்து, ‘தெப்பம்’ என்று பெயரிட்டு, அங்கே குடிபோனாள். பின்னாலேயே பரிபூரணம் போனார், மாரிசாமி அண்ணாச்சி போனார், ஜெபாவையும் முதலாளியையும் தவிர ஒவ்வொருவராக எல்லாரும் போனார்கள். போவது எப்படி என்று யாரும் தடுமாறவில்லை. ‘வெளியேறும் உரிமை: படிப்படியான வழிகாட்டி’ என்று நானே ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். நான் எழுதியதில் எல்லாரும் கடைசிவரை படித்தது அது ஒன்றைத்தான்.

இத்தனைக்கும் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவர்கள் தெப்பத்தில் எழுதினாலும் சஞ்சீவியில் எனக்குத் தெரியும். நான் எழுதினால் அவர்களுக்குத் தெரியும். இந்த ஏற்பாட்டின் அழகே அதுதான் என்று நானே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் அவர்கள் அங்கே சிரித்துப் பேசிக்கொண்டிருப்பதை என் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது வயிற்றெரிச்சலாக இருந்தது. ஒரு சர்வர் இன்னொரு சர்வரை மொத்தமாகத் தடுக்க ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினேன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சு மட்டும் நின்றது.

இரண்டு மூன்று நாள் கழித்து ஜெபா கேட்டாள். “அக்கா ஒண்ணுமே போடக் காணோமே. மேலுக்குச் சரியில்லையோ?”

“வேலையா இருப்பாங்க.”

அவள் போன் போட்டாள். பரிபூரணம் தினமும் எழுதுவதாகவும், தங்கைதான் பதில் போடுவதில்லை என்றும் வருத்தப்பட்டார். ஜெபா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். வகுப்பில் எவன் பென்சிலை ஒடித்தான் என்று கண்டுபிடிக்கிற பார்வை அது. நான் கிரைண்டரைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“எங்க அக்காவ பிளாக் பண்ணிருக்கியளா?”

“அக்காவ இல்ல. அந்த சர்வர.”

“அவ அதுக்குள்ளதான இருக்கா?”

சாயங்காலத்துக்குள் ஜெபாவும் தெப்பத்துக்குக் குடிபோய்விட்டாள். சஞ்சீவியில் நானும் ஹரிகிருஷ்ணனும் மிஞ்சினோம். அவருக்குக் கடவுச்சொல் மறந்து வாரக்கணக்காகிறது என்று பிறகுதான் தெரிந்தது. “ஏமி எட்வின், அது இன்னும் ஓடுதா?” என்று வீட்டுத் தெலுங்கு கலந்து கேட்டார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும், மாரிசாமி அண்ணாச்சியை நேரில் பார்த்துப் பேசித் திரும்பக் கூட்டிவந்துவிடுவது என்று முடிவுசெய்தேன். அவர் ஒருவர் வந்தால் போதும், தண்ணீர் நிலவரத்துக்காகவே மற்றவர்களும் வந்துவிடுவார்கள் என்பது என் கணக்கு. ஜெபாவிடம் சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லவில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி, கிருஷ்ணன்கோவிலில் திரும்பி, வழியெல்லாம் அண்ணாச்சியிடம் பேசவேண்டியதை உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மகாராஜபுரத்துக்குப் போகிற வழியில் ஒரு தரைப்பாலம். அதன்மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழேதான் இருக்கும் என்று தோன்றியது. நடுவில் போனபோது பைக் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. இறங்கினால் தண்ணீர் தொடை வரை இருந்தது. காலுக்கடியில் மணல் அரித்துக்கொண்டு போனது. பைக்கை விட்டால் அது போய்விடும், பிடித்துக்கொண்டிருந்தால் நானும் சேர்ந்து போய்விடுவேன் போலிருந்தது. நிஜமாகவே பயந்தேன். உதவிக்குக் கத்தவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வாய்க்குள் ஜெபத்தை ஆரம்பித்தால் பாதியில் வார்த்தை வரவில்லை.

அக்கரையில் நின்ற டிராக்டரிலிருந்து இரண்டு பேர் இறங்கிக் கயிற்றோடு வந்தார்கள். ஒருவர் என் இடுப்பைச் சேர்த்துப் பிடித்தார். மற்றவர் பைக்கில் கயிற்றைக் கட்டினார். கரைக்கு இழுத்துக்கொண்டுபோய் டிராக்டரில் ஏற்றி உட்காரவைத்த பிறகுதான் இடுப்பைப் பிடித்தவர் மாரிசாமி அண்ணாச்சி என்று தெரிந்தது.

“அணையைத் திறந்துட்டான், தரைப்பாலத்துல வராதீய, சுத்தி வாங்கன்னு விடியக்காலையிலயே போட்டுட்டேனே தம்பி” என்றார். “நம்ம ஆளுக அம்புட்டு பேரும் பாத்துட்டாவ. நீங்க பாக்கலையா?”

“நெட் கிடைக்கல அண்ணாச்சி” என்றேன். என் பையில் இருந்த போன் அந்த நேரம் பார்த்து, யாரோ அனுப்பிய ஞாயிறு வாழ்த்துக்காக மணியடித்தது.

அவர் என் பையை ஒரு பார்வை பார்த்தார். வீட்டுக்குக் கூட்டிப்போய் உலர்ந்த வேட்டி கொடுத்தார். அவர் மனைவி வெள்ளைத்தாய் சுக்குக் காப்பி போட்டுத் தந்தார். “எம்புட்டு தூரம் வந்திருக்கிய, என்ன விசயமா?” என்று இருவரும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன். சும்மா பார்ப்பதற்கு இந்த மழையில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்று அந்த அம்மா நெகிழ்ந்துபோய் இன்னொரு டம்ளர் காப்பி ஊற்றினார்.

மழை வெறித்ததும் பைக்கை அங்கேயே விட்டுவிட்டு, சுற்றுவழியாக வேனில் வந்து சேர்ந்தேன். வீட்டுக்குள் நுழையும்போதே ஜெபா போனை நீட்டினாள். தெப்பத்தில் யாரோ படம் போட்டிருந்தார்கள். டிராக்டரின் மட்கார்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன். தலையில் ஹெல்மெட், மடியில் ஒற்றைச் செருப்பு. முகத்தில் வலியைத் தாங்குகிற பாவனை, இந்தமுறை மை இல்லாமலே நன்றாக வந்திருந்தது. கீழே ஆறுதலும் கேலியுமாக வரிசையாக எழுதியிருந்தார்கள். என் சர்வரில் எனக்கு அது தெரியாது. என் சொந்தப் படத்தைப் பார்க்க மனைவியின் போனைக் கடன் வாங்க வேண்டியிருந்தது.

“பாண்டிசெல்வி போன் பண்ணினா” என்றாள் ஜெபா. “அண்ணனுக்கு அந்தப் படம் சங்கட்டமா இருந்தா எடுத்துருதேன், கேட்டுச் சொல்லுங்கக்கான்னா.”

பாண்டிசெல்வியின் பதிவை நான் நீக்கியபோது அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஜெபா நீட்டிய துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டேன்.

“இருக்கட்டும்னு சொல்லு” என்றேன்.

அன்றைக்கே தடையை எடுத்தேன். எடுத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தது தப்பு. அறுத்த தொடர்புகள் தானாக ஒட்டவில்லை. ஒவ்வொருவரையும் தேடிப்போய்ப் பின்தொடர அனுமதி கேட்கவேண்டியிருந்தது. மாரிசாமி அண்ணாச்சி உடனே ஏற்றுக்கொண்டார். பரிபூரணம் ஒரு வாரம் காத்திருக்க வைத்தார்.

பாண்டிசெல்வியை நேரில் பார்ப்பதுதான் முறை என்று ஜெபா சொன்னாள். இருவரும் மடவார் வளாகத்துக்குப் போனோம். வைத்தியநாத சுவாமி கோயிலுக்குப் பின்னால் இருந்தது வீடு. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஓர் அலமாரியில் சின்னப் பெட்டியாகத் தெப்பம் ஓடிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டர் இருந்தது. பக்கத்தில் கிரைண்டர் எதுவும் இல்லை.

“எம் பதிவ எதுக்குண்ணே எடுத்திய?” என்று அவளே ஆரம்பித்தாள். “கோவம்னா போன் போட்டு வஞ்சிருக்கலாம்லா.”

“எல்லாரும் லைக் போட்டாங்க.”

“அதுக்கா?”

“எனக்கு ஒருநாளும் அம்புட்டு விழுந்ததில்லம்மா.”

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. “நானும் ஊருக்கு முன்னால போட்டுருக்கப்படாது” என்றாள். “உங்ககிட்ட நேரா சொல்லியிருக்கலாம். ஆனா நேரா சொன்னா நீங்க அதுக்கும் ஒரு கட்டுரை எழுதுவிய.”

உண்மைதான். எழுதியிருப்பேன்.

“நீ எப்படி இதச் சமாளிக்க? ஒனக்குக் கோவம் வராதா?” என்று கேட்டேன்.

“வரும். அதனாலதான் இங்க எதை நீக்கணும்னாலும் ரெண்டு பேரு ஒத்துக்கிடணும்னு வச்சிருக்கு. நான் மட்டும் நெனச்சா ஒண்ணும் செய்ய முடியாது.”

“இன்னொரு ஆளு யாரு?”

அவள் ஜெபாவைப் பார்த்தாள். ஜெபா தட்டிலிருந்த முறுக்கை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

“எப்பருந்து?” என்றேன்.

“நீங்க எங்க அக்காவ பிளாக் பண்ணின வாரத்துல இருந்து.”

சஞ்சீவி அதற்குப் பிறகு அதிக நாள் ஓடவில்லை. பவர் சப்ளைக்குள் பல்லி ஒன்று புகுந்து, அதுவும் போய், கம்ப்யூட்டரையும் கொண்டுபோய்விட்டது. வேறொன்று வாங்கி வைக்கலாமா என்று யோசித்தேன். ஹரிகிருஷ்ணனிடம் கேட்டபோது, “ரெண்டு பேருக்கு எதுக்குய்யா ஒரு சர்வர்? நான் தெப்பத்துலதான இருக்கேன்” என்றார். கடவுச்சொல் மறந்தவர் எப்போது அங்கே போனார் என்று நான் கேட்கவில்லை.

கடைசியில் நானும் தெப்பத்தில் சேர விண்ணப்பித்தேன். எதற்காகச் சேர விரும்புகிறீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. தரவு உரிமையில் ஆரம்பித்து விறுவிறுவென்று எழுதிக்கொண்டே போனேன். பெட்டி நிரம்பி அதற்குமேல் எழுத்து விழவில்லை. அத்தனையையும் அழித்துவிட்டு, ‘பிளவக்கல் தண்ணி நிலவரம் தெரிந்துகொள்ள’ என்று எழுதி அனுப்பினேன். நிர்வாகிகள் பரிசீலிப்பார்கள், காத்திருக்கவும் என்று வந்தது.

அடுப்படிக்குப் போனேன். ஜெபா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் போன் பக்கத்தில் இருந்தது.

“ஒரு விண்ணப்பம் வந்திருக்கும்” என்றேன்.

“பாத்தேன்.”

“அதக் கொஞ்சம் ஏத்துக்கிடலாம்லா?”

“ஒங்களுக்கு முன்னால இன்னும் ரெண்டு பேரு இருக்காவ” என்றாள். “வரிசையிலதான் பாக்கணும். அந்தப் பூண்ட உரிங்க.”

நான் உட்கார்ந்து பூண்டை உரித்தேன்.